டூலி மூடுபனி: வானத்தைப் பார்த்து நீங்களே சொல்லிவிடலாம்

டிசம்பர் பிறந்தால் சான் ஹோசே பக்கத்து நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "லீவுக்கு லாஸ் ஏஞ்சலஸ் போகிறோம், ஐந்தாம் நம்பர் சாலையில் பயங்கர மூடுபனியாமே, கிளம்பலாமா?" பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: காலையில் போகாதீர்கள். ஆனால் ஏன் காலையில் கூடாது, மழை விட்டு வானம் வெளுத்த மறுநாள் ஏன் இன்னும் கூடாது, மலைமேல் வெயில் அடிக்கும்போது கீழே மட்டும் ஏன் இருட்டிக்கிடக்கிறது, இதெல்லாம் ஒரு தடவை புரிந்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், விசேலியாவில் இருக்கிறேன். இங்கே வரும் மூடுபனிக்குத்தான் டூலி மூடுபனி என்று பெயர். ஆரஞ்சைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கி அனுப்பும் ஒரு பேக்கிங் ஹவுஸில் வேலை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை எங்கள் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதை முதலாளி முடிவு செய்வதில்லை, இந்தப் பனிதான் முடிவு செய்கிறது.

முதலில் வார்த்தை. தமிழில் பனி என்ற ஒரே சொல்லை வைத்து நிறைய வேலை வாங்குகிறோம். புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, காஷ்மீரில் கொட்டுவதும் பனி, மார்கழிக் காலையில் தெருவை மறைப்பதும் பனி. இங்கே பேச்சு கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான். மூடுபனி என்பது தரையில் உட்கார்ந்துவிட்ட மேகம், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள நீர்த்துளிகள், விழாமல் காற்றில் மிதக்கின்றன. 1 கி.மீ.க்குள் பார்வை சுருங்கினால்தான் வானிலைக்காரர்கள் அதை மூடுபனி என்பார்கள். கால் மைல், அதாவது 400 மீட்டருக்குக் கீழே போனால் அமெரிக்காவில் அடர்ந்த மூடுபனி என்று எச்சரிக்கை கொடுப்பார்கள். எங்கள் பக்கத்துக்கு அதைக் கொடுப்பது ஹான்ஃபோர்டில் உள்ள வானிலை அலுவலகம். டூலி மூடுபனியில் 400 மீட்டர் தெரிந்தால் அது நல்ல நாள். மோசமான நாளில் 3 மீட்டர்கூடத் தெரியாது.

டூலி என்பது ஒரு கோரை. கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் பெரும் பரப்பு ஒரு காலத்தில் சதுப்பு நிலமும் ஏரியுமாக இருந்தது, ஆள் உயரத்துக்கு மேல் இந்தக் கோரை வளர்ந்து நின்றது. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாட்டில் மொழிச் சொல்லை ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்டு வந்து வைத்த பெயர் அது. இங்கேயே காலங்காலமாக வாழ்ந்த யோகுட்ஸ் மக்கள் இந்தக் கோரையைக் கட்டித்தான் படகு செய்தார்கள், பாய் பின்னினார்கள். நம் பத்தமடைப் பாய்க் கோரையும் இதுவும் தாவரவியலில் ஒரே குடும்பம், இதைப் படித்த அன்று எனக்கு இந்த ஊர் கொஞ்சம் நெருங்கி வந்தது போல இருந்தது. டூலாரே மாவட்டம், டூலாரே ஏரி எல்லாம் அந்தக் கோரையின் பெயர்தான். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருந்த நன்னீர் ஏரிகளிலேயே பரப்பில் பெரியது அந்த ஏரி. ஆறுகளைத் திருப்பி, ஏரியை வற்றவைத்து, வயலாக்கிவிட்டார்கள். 2023இல் கொட்டிய மழையில் ஏரி கொஞ்ச காலத்துக்குத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. சதுப்பு போனாலும் ஈரம் போகவில்லை, பனியின் பெயரில் கோரை மட்டும் நிற்கிறது.

சரி, இது எப்படி உண்டாகிறது? சான் பிரான்சிஸ்கோவில் பாலத்தை மூடிக்கொண்டு வருகிறதே, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கோடையில் வருவது, குளிர்ந்த கடலுக்கு மேல் உருவாகிக் காற்றில் அடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைவது. எங்களுடையது குளிர்காலத்தில், காற்று அதிகம் அசையாத இரவில், காலடி மண்ணிலிருந்து எழும்புவது.

ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தால் வெளிப்பக்கம் வேர்க்கிறது இல்லையா, அதே கதைதான். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் நீராவி இருக்கிறது. சூடான காற்று நிறைய நீராவியைச் சுமக்கும், குளிரக் குளிரச் சுமக்க முடியாமல் துளியாக இறக்கிவைத்துவிடும். இப்போது பள்ளத்தாக்குக்கு வாருங்கள். மழை பெய்து மண் நனைந்திருக்கிறது. மறுநாள் மேகமெல்லாம் போய் வானம் சுத்தமாகிவிட்டது. டிசம்பரில் இங்கே இரவு பதினான்கு மணி நேரத்துக்கும் மேல். மேலே போர்வையாக மேகம் இல்லாததால் தரை தன் சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுக்கொண்டே இருக்கிறது, தரை குளிர்ந்ததும் தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது, ஈர மண்ணிலிருந்து வந்த நீராவி அங்கேயே துளியாகிறது. காற்று சுத்தமாக நின்றுவிட்டால் அது புல்மேல் பனித்துளியாகப் படிந்து முடிந்துவிடும், பலமாக அடித்தால் கலைந்துவிடும். இலை மெல்ல அசைகிற அளவுக்கு இருந்தால்தான் அந்தக் குளிர் மேலே மேலே கலந்து மூடுபனி தடிக்கும். ஆக, சேர வேண்டியவை நான்கு: ஈர மண், தெளிந்த வானம், நீண்ட இரவு, மெல்லிய காற்று. மழை பெய்த மறுநாளைப் பற்றி நான் எச்சரித்தது இதனால்தான்.

இதெல்லாம் எந்தச் சமவெளியிலும் நடக்கலாம், ஒரு காலையில் வந்து பத்து மணிக்கு வெயில் ஏறினால் போய்விடும். இங்கே அது நாள்கணக்கில் உட்கார்ந்துவிடுவதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. வரைபடத்தைப் பாருங்கள்: வடக்கே ரெட்டிங்கிலிருந்து தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டி 700 கி.மீ. நீளம், 60 முதல் 100 கி.மீ. அகலம். கிழக்கே சியெரா நெவாடா, மேற்கே கரையோர மலைகள், தெற்கே டெஹாச்சபி மலை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி மாதிரி நாலா பக்கமும் அடைப்பு, இரண்டு பெரிய ஆறுகள் சேர்ந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குப் போகும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன வாய். குளிர்ந்த காற்று கனம் அதிகம், இரவில் மலைச்சரிவு வழியாக வழிந்து தொட்டியின் அடியில் தேங்கும். அதன்மேல் சூடான காற்று மூடிபோல உட்காரும். மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று இங்கே மேலே போகப் போகச் சூடாகிறது, தலைகீழ். அந்த மூடியைத் திறக்க பலமான வெயில் வேண்டும், அல்லது புயல் வேண்டும். டிசம்பர் கடைசியில் உச்சி வேளையிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி உயரம்தான் ஏறுகிறது. அந்த இளைத்த வெயிலில் பெரும்பகுதியைப் பனியின் வெள்ளை முதுகே திருப்பி அனுப்பிவிடுகிறது. பகலில் அது சில நூறு மீட்டர் எழும்பிச் சாம்பல் கூரையாக நிற்கும், சாலை தெரியும், "ஆ, விட்டுவிட்டது" என்று தோன்றும், இருட்டியதும் திரும்ப இறங்கிவிடும். அடுத்த மழைப் புயல் வந்து தொட்டியைக் கலக்கும்வரை இப்படியே.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால், பனி மூடிய நாளில் விசேலியாவிலிருந்து 198ஆம் சாலையில் கிழக்கே செக்கோயா தேசியப் பூங்கா பக்கம் போங்கள். த்ரீ ரிவர்ஸ் தாண்டி ஏறும்போது கண்ணாடிக்கு முன்னால் இருந்த சாம்பல் மெல்ல மஞ்சளாகும், அப்புறம் வெள்ளையாகும், ஒரு வளைவில் சட்டென்று நீல வானம். திரும்பிப் பார்த்தால் கீழே நம் ஊர் இல்லை, வீடு இல்லை, அடிவானம்வரை வெள்ளைக் கடல். காலையில் ஸ்வெட்டர் போட்டு வந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். ஊரில் ஒரு வாரமாகச் சூரியனைப் பார்க்காத குழந்தைகளை அழைத்துக்கொண்டு நாங்கள் அங்கே போவதுண்டு, ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும், முகம் மாறிவிடும்.

இப்போது வேலை. ஆரஞ்சு மரத்தில் பழுத்துத் தயாராக நிற்கிறது, கடைக்காரர் கேட்கிறார், ஆள் வந்து நிற்கிறார்கள், ஆனால் பறிக்க முடியாது. ஏனென்றால் தோல் நனைந்திருக்கிறது. ஆரஞ்சுத் தோலில் எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன, உரிக்கும்போது கண்ணில் பீய்ச்சுமே, அதுதான். ஈரமும் குளிருமாக இருக்கும்போது அந்தப் பைகள் புடைத்து விறைத்து நிற்கும். அப்போது விரல் அழுத்திப் பிடித்தாலே பை உடைந்து எண்ணெய் கசிந்து பக்கத்துச் செல்களைச் சுட்டுவிடும். பறிக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்து எங்கள் பெல்ட்டில் வரும்போது பார்த்தால் பழத்தின் மேல் சரியாக விரல் வைத்த இடத்தில் திட்டு, சுற்றிலும் தோல் அமுங்கி, நடுவில் பைகள் மட்டும் மேடு மேடாகத் தெரியும், நாளாக ஆகப் பழுப்பாகும். உள்ளே சுளை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கடைக்குப் போகாது, ஜூஸுக்குத்தான் போகும், விலை பாதாளத்தில். அதனால் தோட்டத்து மேஸ்திரி காலையில் வரிசைக்குள் போய், வெயில் கடைசியாகப் படும் வடபக்கத்துத் தாழ்ந்த கிளையில் ஒரு பழத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். கை நனைந்தால் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவார். பத்து மணிக்கு மறுபடி, பன்னிரண்டுக்கு மறுபடி. சில நாள் இரண்டு மணிக்குத்தான் ஏணி எடுப்பார்கள், நான்கரைக்கு இருட்டு.

அந்த நேரமெல்லாம் தோட்ட ஓரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள். எத்தனை பெட்டி நிரப்பினார்களோ அதற்குத்தான் கூலி என்று பல இடங்களில் கணக்கு. பனி ஒரு வாரம் நின்றால் அவர்கள் வீட்டு வாடகையில் கை வைக்கிறது. பள்ளத்தாக்கின் பனியைப் பற்றி எழுதுகிறவர்கள் விபத்தைப் பற்றி எழுதுகிறார்கள், இதை எழுதுவதில்லை, எனக்கு அது வருத்தம்.

மாட்டுப் பண்ணைக்கு இந்தச் சலுகையும் கிடையாது. டூலாரே மாவட்டம் அமெரிக்காவில் பால் உற்பத்தியில் முதல் வரிசையில் நிற்பது. பனி இருந்தாலும் பசு இரண்டு மூன்று வேளை பால் கறக்கத்தான் செய்யும், டேங்கர் லாரி வந்து எடுத்துப் போகத்தான் வேண்டும். லாரி ஓட்டுகிறவர்களில் பஞ்சாபிகள் ஏராளம், 99ஆம் சாலை ஓரத்தில் பரோட்டா கிடைக்கும் தாபாக்கள் இருப்பது அதனால்தான்.

பள்ளிக்கூடத்துக்கு இங்கே மழை லீவு மாதிரி ஒரு பனி நேரப் பட்டியல் உண்டு. விடியும் முன்பே ஆட்கள் பேருந்துத் தடத்தில் ஓட்டிப் பார்த்து, எத்தனை தூரம் தெரிகிறது என்று சொல்வார்கள். அதை வைத்துப் பேருந்து இரண்டு மணி நேரம் தாமதம் அல்லது இன்று காலைப் பேருந்தே இல்லை என்று, ஏ பிளான், பி பிளான் என எழுத்து வைத்து அறிவிப்பு வரும். எழுத்தும் விதியும் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் காலை ஐந்தரைக்குப் போனை எடுத்து "ஏ பிளானா, பி பிளானா" என்று பார்ப்பது எல்லா வீட்டிலும் நடக்கும்.

அடுத்தது ஓட்டுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மணிக்கு 65 மைல், அதாவது ஏறத்தாழ 105 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், ஒரு நொடிக்கு 29 மீட்டர். எதிரில் ஒன்று தெரிந்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி, அதற்குள் 43 மீட்டர் போயிற்று. பிரேக் பிடித்துக் காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 60 மீட்டர். மொத்தம் 100 மீட்டருக்கு மேல், பனியில் சாலை ஈரமாகத்தான் இருக்கும் என்பதால் இன்னும் கூடும். உங்களுக்குத் தெரிவதோ 50 மீட்டர். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது, எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் முட்டியே ஆக வேண்டும். வேகத்தை 30 மைலுக்குக் குறைத்தால் 35 மீட்டரில் நிற்கலாம். தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம், அது மட்டும்தான் விதி. 2007 நவம்பரில் பிரெஸ்னோவுக்குத் தெற்கே 99ஆம் சாலையில் ஒரு சனிக்கிழமை காலை 100க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, 2 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பகுதியில் பார்வைத் தூரத்தையும் வண்டிகளின் வேகத்தையும் அளக்கும் கருவிகளும், முன்னால் என்ன நடக்கிறது என்று சொல்லும் மின்பலகைகளும் வைத்தார்கள். நெடுஞ்சாலைப் போலீஸ் சில காலைகளில் தன் வண்டியை விளக்குப் போட்டு முன்னால் விட்டுப் பின்னால் வரும் கூட்டம் முழுவதையும் மெதுவாக இழுத்துப் போகும். அதை ஓவர்டேக் செய்யக் கூடாது.

ஹை பீம் போடாதீர்கள். துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், வெள்ளைச் சுவர் எழுப்பினாற்போல் ஆகிவிடும். லோ பீம் போதும். சில வண்டிகளில் பகலில் முன்விளக்கு தானாக எரியும், பின்விளக்கு எரியாது. ஆகவே கையால் போடுங்கள். நடுக்கோட்டைப் பார்த்து ஓட்டாமல் வலப்பக்க ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள், எதிரில் வருகிறவரும் நடுக்கோட்டைத்தான் தேடிக்கொண்டிருப்பார். கிராமச் சாலைச் சந்திப்பில் ரேடியோவை அணைத்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கி, காதால் பாருங்கள். நான் தினமும் செய்வது இது. ஈர மண் வாசனையும் மாட்டுப் பண்ணை வாசனையும் உள்ளே வரும், இலையிலிருந்து சொட்டுவது கேட்கும், அதையும் தாண்டி ஈரத் தார்மேல் டயர் உரசும் சத்தம் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். இரண்டு தடவை கேட்டு, ஒன்றுமில்லை என்றால் தயங்காமல் ஒரே மூச்சில் கடந்துவிட வேண்டும், பாதியில் நிற்கக் கூடாது.

வண்டி நின்றுபோனாலோ, இனிமேல் முடியாது என்று தோன்றினாலோ, வண்டியைச் சாலையை விட்டு முழுவதுமாக இறக்கி நிறுத்துங்கள். நிறுத்தியபின் விளக்கை அணையுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் பனியில் எல்லோரும் முன்னால் தெரியும் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள், உங்கள் விளக்கு எரிந்தால் அங்கேதான் சாலை போகிறது என்று நினைத்து நேராக வந்து இடிப்பார்கள். அதனால் வண்டிக்குள்ளும் உட்கார வேண்டாம், சாலையிலிருந்து தள்ளிப் போய் நில்லுங்கள்.

மூடி போட்ட தொட்டி என்றேன் இல்லையா, அதற்குள் பனி மட்டும் தேங்குவதில்லை. லாரிப் புகை, பண்ணையிலிருந்து வரும் அமோனியா, வீட்டில் எரிக்கும் விறகுப் புகை எல்லாம் அதே மூடிக்குக் கீழேதான். அதனால்தான் நவம்பரிலிருந்து பிப்ரவரி முடிய, இன்று கணப்பில் விறகு எரிக்கலாமா கூடாதா என்று காற்றுத்தர வாரியம் தினமும் அறிவிக்கிறது. ஆஸ்துமா இருக்கிறவர்கள் மூடுபனியைக் குளிர்ச்சி என்று நினைத்து அதிகாலை நடைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

இவ்வளவு தொல்லையும் சொன்னபின், இந்தப் பனி எங்களுக்கு வேண்டும் என்று சொன்னால் நம்புவீர்களா? உலகத்துப் பாதாமில் முக்கால் பங்குக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கில் விளைகிறது. பிஸ்தா, செர்ரி, பீச் எல்லாம் இங்கேதான். இந்த மரங்கள் குளிர்காலத்தில் தூங்க வேண்டும். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எத்தனை மணி நேரம் இருந்தது என்று மரம் தனக்குள் எண்ணிக்கொண்டே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கணக்கைக் குளிர் மணி என்கிறார்கள். பாதாமுக்குச் சில நூறு மணி போதும், பிஸ்தாவுக்கும் செர்ரிக்கும் 700க்கு மேல் வேண்டும். பனி இல்லாத நாளில் இரவு குளிர்ந்தாலும் பகல் வெயில் நேராக மொட்டின்மேல் படும், மொட்டின் சூடு சுற்றியுள்ள காற்றைவிட ஏறிவிடும், தூக்கம் கலைந்துபோகும். மூடுபனி அந்த வெயிலை மறைத்து நாள் முழுக்க ஒரே குளிரில் வைத்திருக்கும். 2014–15 குளிர்காலம் கதகதப்பாகப் போனது. பிஸ்தாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. குளிர் போதாமல் இரண்டும் வேறு வேறு நேரத்தில் பூத்தன. மகரந்தம் சேரவில்லை. 2015 அறுவடையில் ஓட்டை உடைத்தால் உள்ளே பருப்பே இல்லாத காய்கள் குவிந்தன, விளைச்சல் முந்தைய ஆண்டில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது.

ஆரஞ்சுக்கு இந்தத் தூக்கம் தேவையில்லை, ஆனால் அதற்கும் பனி காவல்தான். மூடுபனி இருக்கும் இரவில் தரையின் சூடு முழுக்க வானத்துக்கு ஓடிவிடாது, அதனால் பெரும்பாலும் உறைபனி விழாது. வறண்ட குளிர் காற்று இறங்கி வானம் கண்ணாடிபோல் தெளிந்த இரவுதான் எங்களுக்கு எமன். 1990, 1998 டிசம்பர்களிலும் 2007 ஜனவரியிலும் பழம் மரத்திலேயே உறைந்து போனது அப்படிப்பட்ட இரவுகளில். மூடுபனி இரவில் உறைபனியைத் தடுக்கத் தோட்டத்தில் ஓட்டும் பெரிய காற்றாடிகள் சும்மா நிற்கும், தோட்டக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார்.

அந்தப் பனி குறைந்துகொண்டு வருகிறது. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2014இல் சொன்ன கணக்கு: 32 குளிர்காலங்களில் மூடுபனி நாள்கள் 46 சதவீதம் குறைந்துவிட்டன. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு காரணத்தை விளக்கியது. துளி உண்டாக ஒரு விதை வேண்டும், காற்றில் மிதக்கும் நுண்துகள்தான் அந்த விதை. 1930 முதல் 1970 வரை வண்டிப் புகை ஏற ஏற மூடுபனியும் 85 சதவீதம் கூடியது. அப்புறம் புகைக்குக் கட்டுப்பாடு வந்து காற்று சுத்தமாக, பனியும் சரிந்தது. காற்று சுத்தமாவது நல்லது, அதில் இரண்டு கருத்தில்லை, என் பிள்ளைகள் சுவாசிப்பதும் அதைத்தான். ஆனால் கூடவே பூமியும் சூடாகிவருவதால் மரத்துக்கு வேண்டிய குளிர் இரண்டு பக்கமும் தேய்கிறது. குறைவான குளிரில் காய்க்கும் ரகங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பிஸ்தா மரம் நன்றாகக் காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும், ஆகவே இன்று நடுகிறவர் அன்றைய குளிரை இன்றே ஊகித்தாக வேண்டியிருக்கிறது.

சரி, லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்களுக்கு. சமீபத்தில் மழை பெய்ததா, நேற்று வானம் தெளிந்திருந்ததா, இரவு பலமான காற்று இல்லையா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் சான் ஹோசேயில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குமேல் கிளம்புங்கள். சாலை நிலவரம் சொல்லும் குவிக்மேப் செயலியைக் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 152ஆம் சாலையில் பச்சேகோ கணவாய் உச்சியைத் தாண்டி இறங்கும்போது சான் லூயிஸ் நீர்த்தேக்கம் வரும், அங்கிருந்து கிழக்கே பாருங்கள். பழுப்பு வயல் தெரிந்தால் போகலாம். வெள்ளையாக இருந்தால் சாந்தா நெல்லாவில் இறங்கி ஒரு காபி குடித்துக் காத்திருங்கள், பெரும்பாலும் ஒரு மணிக்குள் தூக்கிவிடும். எப்படியும் மாலை நான்கரைக்குள் தெற்கே கிரேப்வைன் மேட்டில் ஏறிவிட வேண்டும், அதற்குப் பிறகு கீழே மறுபடியும் இறங்க ஆரம்பித்துவிடும்.